ரெண்டு பொட்டு வைத்த போத்தல்

போத்தல் கழுவுவது எனக்குப் பிடித்த வேலை, அக்கா. நிறையப் பேருக்கு அது தண்டனை மாதிரி இருக்கும். எனக்கு அப்படியில்லை. முதலில் சோப்புத் தண்ணீர், பிறகு நீளப் பிரஷ், பிறகு மூன்று தடவை பைப்புத் தண்ணீர், கடைசியில் காய்ச்சி வடித்த தண்ணீர். கவிழ்த்து வைத்தால் உள்பக்கம் ஒரு சொட்டுகூட ஒட்டி நிற்கக் கூடாது. நின்றால் இன்னும் அழுக்கு இருக்கிறது என்று அர்த்தம். ஒன்றரை வருஷத்தில் டாக்டர் ஸ்டானிஸ்லாஸ் என்னிடம் ஒரு போத்தலைக்கூடத் திருப்பித் தந்ததில்லை.

இன்ஸ்பெக்டர் இருந்தபோது நான் வாயைத் திறக்காதது திமிரால் அல்ல. அவர் மேசையைத் தட்டித் தட்டி மலாயில் கேட்டார். நீங்களும் போலீஸ்தான், ஆனால் தமிழில் கேட்டீர்கள், காப்பி வாங்கிக் கொடுத்தீர்கள். அவர் போகட்டும் என்றுதான் இவ்வளவு நேரம் காத்திருந்தேன். டாக்டரை அடுத்த அறையில் வைத்திருக்கிறீர்கள் அல்லவா, அவரை வீட்டுக்கு அனுப்பிவிடலாம். அவர் ஒன்றும் செய்யவில்லை. நான் இல்லாவிட்டால் அவருக்கு ஒன்றும் ஓடாது என்பதுதான் உண்மை.

நான் சொல்லச் சொல்ல நீங்கள் மலாயில் எழுத வேண்டும் என்பதால் மெதுவாகவே சொல்கிறேன். பெயர் இருளாயி. அப்பா சின்னையா, இப்போது இல்லை. அம்மா காளியம்மா. வயது பதினேழும் நாலு மாதமும். சுங்காய் டவுனிலிருந்து உள்ளே ஏழு மைல் போனால் எங்கள் தோட்டம் வரும். ரப்பர் எடுக்கிற பால்மரம் நாலில் ஒரு பங்குதான் மிச்சம். மற்றதையெல்லாம் சாய்த்துச் செம்பனை போட்டுவிட்டார்கள். மரம் போனதும் பால் வெட்டிய பெண்களுக்குக் களையைச் சாகடிக்கிற புல்லு மருந்து அடிக்கிற வேலை வந்தது. முதுகில் நாலு கேலன் தொட்டி, கையில் குழாய், மூக்கில் ஒரு துணி. அம்மா ஆறு வருஷம் தொட்டி சுமந்தாள். அவளுக்குக் கையில் நகம் கிடையாது. சோறு பிசையும்போது நான் வேறு பக்கம் பார்த்துக்கொள்வேன்.

அம்மாவுக்குத் தோள்பட்டை இறங்கிப்போன மாதம் பத்துமலை என்கிற மண்டோர் வீட்டுக்கு வந்தார். மருந்தடிக்கிறவர்களை வேலை வாங்குகிறவர் அவர்தான்.

"தொட்டிய சும்மா போட்டு வைக்க முடியாதுலா. ஃபார்ம் திரீ முடிச்சிருச்சுல்ல? இருளாயி வரட்டும். பேர எழுதி வச்சிட்டேன்" என்றார்.

பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்த்துவிட்டவர் மாதிரி அவ்வளவு சந்தோஷமாகச் சொன்னார். அம்மா சரிங்கண்ணே என்றாள். என்னை யாரும் கேட்கவில்லை.

எனக்குப் பயமில்லை என்று எழுதிவிடாதீர்கள். பயம் இருக்கிறது. ஆனால் உங்கள் லாக்கப்பைப் பார்த்து இல்லை. அந்தத் தொட்டியில் தோளில் மாட்டுகிற இடத்தில் அம்மாவின் வேர்வை காய்ந்து வெள்ளையாகக் கோடு விழுந்திருக்கும். அந்தக் கோடு என் கனவில் வரும்.

டாக்டர் ஸ்டானிஸ்லாஸ் எங்கள் தோட்டத்துக்கு மண் எடுக்க வந்தது அந்தச் சமயத்தில். ஊசி போடுகிற டாக்டர் இல்லை அவர். பூஞ்சணத்தைப் பற்றிப் படித்துப் பட்டம் வாங்கியவர். எங்கள் ஆட்களுக்கு அதெல்லாம் தெரியுமா? டாக்டர் வந்திருக்கிறார் என்றதும் புண், சொறி, சிரங்கு எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு வரிசையில் நின்றுவிட்டார்கள். முதல் ஆளாக வீரம்மா அத்தை நின்றார். அம்மாவோடு மருந்தடிக்கிறவர், எங்களுக்குப் பக்கத்து வீடு.

"நான் அந்த டாக்டர் இல்லம்மா. மண்ண பாக்குற டாக்டர்" என்றார் அவர்.

"மண்ணுக்கு என்ன சீக்கு வந்துருச்சுன்னு அதப் பாக்குறீங்க? சீக்கா கெடக்குறது நாங்கல்ல?"

எல்லாரும் சிரித்தார்கள். டாக்டருக்கு முகம் சிவந்துவிட்டது. நான்தான் முன்னால் போய் அவர் பைகளில் எழுதியிருந்ததைப் படித்து, இந்த மண்ணிலிருந்து மருந்து கண்டுபிடிக்கப் போகிறார் என்று எல்லாருக்கும் எடுத்துச் சொன்னேன். டாக்டர் என்னை இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார். ஈப்போவில் கோப்பெங் ரோட்டுப் பக்கம் ஒரு பழைய பங்களாதான் அவருடைய லேப். அடுத்த மாதமே நான் அங்கே வேலைக்குப் போய்விட்டேன். தங்குவதற்குப் பின்கட்டில் ஒரு அறை இருந்தது. தொட்டி மண்டோரிடமே கிடந்தது.

வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் உங்களுக்குப் புரியாது. பால்மரத்து வேரில் வெள்ளையாக ஒரு பூஞ்சணம் படரும். வேரோடு வேராக அடுத்த மரத்துக்குப் போகும், அப்படியே நிரை முழுக்கச் சாகடித்துவிடும். எங்கள் தோட்டத்துப் பதினாலாம் நம்பர் பால்மரக் காட்டில் மட்டும் அது ஒரு மரத்தோடு நின்றுபோயிருந்தது. அங்கே மண்ணுக்குள் வேறு ஏதோ பூஞ்சணம் அதை மறித்து நிற்கிறது, அதை மறிக்கிறது சீழ்க்கிருமியையும் மறிக்கலாம் என்பது டாக்டருடைய நம்பிக்கை. மண்ணைத் தண்ணீரில் கரைத்து, அகர்அகர் ஊற்றிய கண்ணாடித் தட்டில் தடவுவோம். தீபாவளிக்குச் செய்கிற அதே அகர்அகர்தான், சீனிக்கும் சாயத்துக்கும் பதிலாக உருளைக்கிழங்குத் தண்ணீர். முளைக்கிற பூஞ்சணத்தைத் தனித்தனியாகப் பிரித்துக் கிழங்குத் தண்ணீரில் வளர்த்து வடிகட்டுவோம். வடித்ததில் பொட்டளவு காகிதத்தை நனைத்து, சீழ்க்கிருமி பூசிய தட்டில் வைப்போம். மறுநாள் தட்டு முழுக்கப் பாலாடை மாதிரி கிருமி படர்ந்திருக்கும். காகிதத்தைச் சுற்றி மட்டும் படராமல் கண்ணாடி தெரிந்தால் அதற்குப் பெயர் வளையம். மருந்து இருக்கிறது என்று அர்த்தம்.

ஒரு வருஷத்தில் இருநூற்றுப் பதினொரு பூஞ்சணம் பார்த்தோம். வளையம் ஒன்றுகூட வரவில்லை.

வடித்த தண்ணீரில் வெளிச்சம் படக் கூடாது. பழுப்புப் போத்தல் வேண்டும், லேபில் இருந்தது போதவில்லை. நான் ஊருக்குப் போனபோது கேட்டேன். வீரம்மா அத்தை ஒரு பை நிறையக் கொடுத்தார். மருந்தடிக்கிறவர்கள் எல்லாரும் செய்கிறதுதான் இது, அக்கா. ஸ்டோரில் புல்லு மருந்து கலக்கும்போது கொஞ்சத்தைத் தண்ணீர் கலக்காமலேயே சின்னப் போத்தலில் பிடித்துக் கொண்டுவந்துவிடுவார்கள். நாங்கள் குடியிருக்கிற வரிசை வீடுகளான லயத்துக்குப் பின்னால் மண்டுகிற லாலாங் புல்லுக்கு அடிக்க. அடுத்தவர் எடுத்துவிடாமல் இருக்க ஆளுக்கு ஒரு அடையாளம் வைத்திருப்பார்கள். அத்தை மூடியில் நகச்சாயத்தால் ரெண்டு சிவப்புப் பொட்டு வைப்பார்.

எல்லாவற்றையும் கழுவினேன். மூடிகளையும் கழுவினேன். மூடிக்குள் வட்டமாக ஒரு தக்கை ஒட்டியிருக்கும். அதைப் பிடுங்கிப் பார்க்கத் தோன்றவில்லை. என் மேல் தப்பு என்றால் அது ஒன்றுதான், அதையும் தப்பு என்று சொல்ல முடியாது.

இருநூற்றுப் பன்னிரண்டாவது பூஞ்சணத்தின் தண்ணீரை அந்த ரெண்டு பொட்டுப் போத்தலில் வைத்தேன். மூன்றாம் நாள் டாக்டர் என்னைக் கூப்பிட்டார். தட்டை ஜன்னலுக்கு நேராகப் பிடித்திருந்தார். வளையம் இருபத்திரண்டு மில்லிமீட்டர். எழுந்து வந்து, பெரிய மனுஷிக்குக் கொடுக்கிற மாதிரி எனக்குக் கை கொடுத்தார்.

"இது நிலைச்சுதுன்னா நான் கோலாலம்பூருக்கு எழுதுறேம்மா. லேப் டெக்னீஷியன் கோர்ஸுக்கு உன்ன எடுக்கச் சொல்றேன். கட்டுரைல உன் பேரும் வரும்" என்றார். தட்டைத் திரும்ப மூடி வைத்துக்கொண்டே, "நிலைக்கலன்னா டிசம்பரோட இங்க பூட்டுப் போட வேண்டியதுதான்" என்றார்.

அதைத் திரும்ப வளர்த்தோம். புதுப் போத்தலில் வைத்தோம். வளையம் இல்லை. மறுபடி வளர்த்தோம், அப்போதும் இல்லை. டாக்டர் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். நான் போத்தல்களைக் கழுவப் போனேன். பொட்டு வைத்த மூடியைக் கையில் எடுத்ததும் ஏனோ நகத்தால் அந்தத் தக்கையை நெம்பினேன். அடியில் கறுத்த கறை ஊறியிருந்தது. மோந்து பார்த்தேன். அம்மாவின் சட்டையில் ஆறு வருஷம் மோந்த புல்லு மருந்து வாடை. வளையம் போட்டது பூஞ்சணம் இல்லை, இதுதான்.

அப்போதே போய்ச் சொல்லியிருக்கலாமே என்று நினைக்கிறீர்கள். நானும் நினைத்தேன். கையைத் துடைத்துக்கொண்டு டாக்டர் அறை வாசல்வரைக்கும் போனேன். அவர் மேசையில் தலை வைத்திருந்தார். சொன்னால் அவருக்கு என்ன நஷ்டம்? வேறு ஊரில் வேறு வேலை பார்ப்பார். நான் எங்கே போவேன்? தக்கையைத் திரும்ப ஒட்டினேன். மூன்றாவது தடவை வடித்த தண்ணீரை அந்தப் போத்தலில் ஊற்றி, மூடி நனையும்படி ஒரு ராத்திரி படுக்க வைத்தேன். வளையம் பத்தொன்பது. டாக்டர் அதற்கும் காரணம் கண்டுபிடித்துவிட்டார். பழுப்புப் போத்தலில் கிடந்து முதிர்ந்தால்தான் சத்து வருமாம். நோட்டில் எழுதி அடியில் கோடு போட்டார்.

கறை தீர்ந்தபிறகு ஊருக்குப் போகும்போதெல்லாம் அத்தை வீட்டு அடுப்புக்குப் பின்னாலிருந்து ஒரு கரண்டி புல்லு மருந்து எடுத்து வந்தேன். வெள்ளெலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார் டாக்டர். ஆறில் நாலு செத்தன. அவர் காலையில் வருவதற்குள் பாசார்க் கடையில் நாலு வாங்கி வந்து கூண்டில் விட்டுவிட்டேன். வெள்ளெலி எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். ஜூலையில் மருந்தைப் பிரித்துப் பார்க்க வெளிநாட்டுக்கு அனுப்புவதாக இருந்தது. அதற்குள் நான் கோலாலம்பூரில் இருப்பேன். பிறகு அது டாக்டர் பாடு.

இதுவரை யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, கவனித்தீர்களா? அப்படியே போயிருக்க வேண்டியது.

வீரம்மா அத்தைக்கு வாய் சும்மா இருக்காது. நான் அம்மாவிடம் மட்டும் சொன்னதை அவர் லயம் முழுக்கச் சொன்னார். நம்ம புள்ள மருந்து கண்டுபிடிச்சிருச்சு. நம்ம புள்ள பேரு பேப்பர்ல வரப்போவுது. சின்ன வயசில் எனக்குப் பேன் பார்த்ததையும் சேர்த்துச் சொல்வார். பேன் பார்த்தால் சொந்தமாகிவிட முடியுமா? நான் யாருடைய புள்ளையும் இல்லை. அந்த வளையம் எனக்காக மட்டும் வந்தது.

மே மாதம் ஒரு திங்கட்கிழமை அவர் பஸ் ஏறி லேபுக்கே வந்துவிட்டார். டாக்டர் மண் எடுக்கத் தாப்பாவுக்குப் போயிருந்தார். கையில் ஒரு பை மரவள்ளிக்கிழங்கு. செருப்பைக் கழற்றிவிட்டு, கோயிலுக்குள் வருகிற மாதிரி உள்ளே வந்து ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"யம்மாடி, எவ்ளோ கண்ணாடி. இவ்ளவையும் நீயா கழுவுற? வீட்டுல ஒரு குண்டான் கழுவ அழுவியே புள்ள" என்றார். பிறகு நான் திறந்து வைத்திருந்த ஐஸ் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார். "ஏ, இது என் போத்தல்ல? இந்தா பாரு, ரெண்டு பொட்டு."

"நீங்க குடுத்ததுதான், அத்த."

"இதுல புல்லு மருந்துல்ல வச்சிருந்தேன். உங்க டாக்டரு என் போத்தல்லதான் மருந்து கண்டுபிடிச்சாராக்கும்?" அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "எத்தன மணிக்கு வருவாரு? இத அவருகிட்ட சொல்லிச் சிரிச்சிட்டுத்தான் நான் பஸ் ஏறுவேன்."

நான் ஐஸ் பெட்டியை மூடினேன். அவருக்கு நாற்காலி போட்டேன்.

அவர் வந்தது சிரிக்க மட்டும் அல்ல. ரவிக்கையைத் தளர்த்தி முதுகைக் காட்டினார். தொட்டி ஒழுகி, வார் உராய்ந்து, தோளுக்குக் கீழே உள்ளங்கை அளவுக்குப் புண். நடுவில் சீழ்.

"தோட்டத்து டிரஸர் மூணு தடவ களிம்பு குடுத்துட்டாரு. காய மாட்டேங்குது. மண்டோரு தொட்டிய மாத்தித் தர மாட்டேங்கிறான். உன் மருந்தப் போட்டு வுடு புள்ள. டிரஸர் மருந்துலாம் வேல செய்யல. இதுதான் செய்யும்னு என் மனசு சொல்லுது."

ஐஸ் பெட்டியில் இருநூற்றுப் பன்னிரண்டு இரண்டு போத்தலில் இருந்தது. ஒன்று சுத்தமான போத்தல். அதில் பூஞ்சணம் வடித்த தண்ணீர் மட்டும், புண்ணுக்கு நல்லதும் செய்யாது, கெட்டதும் செய்யாது. இன்னொன்றை முந்தின நாள்தான் நான் நிரப்பியிருந்தேன். அத்தை கேட்டது வேலை செய்கிறதை. இரண்டில் வேலை செய்கிறது எது என்று எனக்குத் தெரியும். அவர் கேட்டதைத்தான் கொடுத்தேன்.

புண் முதுகில் இருந்ததால் நான் எதை எடுத்தேன் என்று அவர் பார்க்கவில்லை. ரப்பர் கையுறை போட்டுக்கொண்டேன். பஞ்சில் நனைத்து ஒத்தினேன்.

"ஸ்ஸ்... எரியுதே புள்ள."

"வேல செய்யுது, அத்த."

மேலே பிளாஸ்டிக் தாளை வைத்து ஒட்டினேன். மீதியை வாஸ்லினில் குழைத்து லேபில் இருந்த ஒரு தகர டப்பாவில் போட்டுக் கொடுத்தேன். டாக்டர் இன்னும் அனுமதி வாங்கவில்லை, தெரிந்தால் என்னை வேலையைவிட்டுத் தூக்கிவிடுவார் என்றேன். அவர் உடனே என் தலையில் கை வைத்தார்.

"உன் மேல சத்தியம். மருந்து விசயமும் சொல்ல மாட்டேன், அந்தப் போத்தல் விசயமும் சொல்ல மாட்டேன், போதுமா? நீ நல்லா வரணும். எங்கள மாதிரி தொட்டி தூக்கக் கூடாது. நான் போலாமா? அஞ்சு மணி பஸ்ஸ வுட்டா ராத்திரிதான்."

நீங்கள் இப்போது எழுதுவதை நிறுத்திவிட்டீர்கள். ஏன் என்று தெரிகிறது. அவர் சொல்லமாட்டேன் என்று சத்தியம் செய்த பிறகும் ஏன் அவரை விடவில்லை என்று கேட்கிறீர்கள். அக்கா, அவர் அம்மாவிடமும் ஒரு தடவை அப்படித்தான் சத்தியம் செய்தார். நான் வயசுக்கு வந்தது மறுநாள் காலையில் பெரட்டுக் களத்தில் வேலைக்குப் பேரெடுக்கும்போது எல்லாருக்கும் தெரிந்திருந்தது. நல்லவர்தான். நல்லவர்கள் சிரித்துக்கொண்டே சொல்லிவிடுவார்கள்.

அடுத்த மூன்று ஞாயிற்றுக்கிழமையும் நானே போய்ப் போட்டுவிட்டேன். ஒரு நோட்டில் எழுதிக்கொண்டேன், அது இப்போது உங்கள் மேசையில் இருக்கிறது. முதல் ஞாயிறு: சீழ் இல்லை. அது பொய்யில்லை, சீழ் நிஜமாகவே காய்ந்திருந்தது. இரண்டாவது ஞாயிறு: சுற்றிலும் தோல் சிவப்பு, வாயில் புண், சோறு இறங்கவில்லை. மூன்றாவது ஞாயிறு: படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. ஸ்கூல் அடிமட்டத்தால் புண்ணின் அகலத்தையும் அளந்தேன். அன்றைக்கு அம்மா வாசலில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அந்த வாடை தெரியும். ஆனால் அவளும் ஒன்றும் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் யாரும் யாரையும் எதுவும் கேட்பதில்லை.

"மூச்சுதான் முட்டுது. முதுகு ஆறிருச்சுல்ல?" என்றார் அத்தை. உதடு நீலமாக இருந்தது.

"ஆறிருச்சு, அத்த."

"நான் சொன்னேன்ல" என்று பக்கத்து வீட்டுக்காரர்களைப் பார்த்துச் சொன்னார். "நம்ம புள்ள கை."

வியாழக்கிழமை ஆஸ்பத்திரியில் செத்துவிட்டார். தலைமாட்டில் அந்த டப்பா இருந்தது. டப்பாவில் லேப் பெயர் அச்சடித்திருந்தது. அதனால்தான் நீங்கள் டாக்டரைப் பிடித்தீர்கள். அந்த ஒரு விஷயத்தை நான் யோசிக்காமல் விட்டது உண்மை.

அவர் சாவார் என்று தெரியுமா என்று இன்ஸ்பெக்டர் மூன்று தடவை கேட்டார். தெரியும். தெரியும் என்றே எழுதிக்கொள்ளுங்கள். எங்கள் லயத்தில் அந்த மருந்தைக் குடித்தவர்களையும் பார்த்திருக்கிறேன், தொட்டி ஒழுகிப் புண்ணில் இறங்கினவர்களையும் பார்த்திருக்கிறேன். எல்லாருக்கும் மூச்சில்தான் முடியும். முதல் தடவை பஞ்சை நனைக்கும்போதே தெரியும். அடுத்த மூன்று ஞாயிறும் பஸ்ஸில் போகும்போதும் தெரியும். ஜன்னலோர சீட்டு கிடைத்தது, தூங்கிக்கொண்டே போனேன்.

ஆனால் நான் பொய்க்காரி இல்லை. வளையம் விஷயத்தில் நான் பொய் சொல்லவில்லை. அதை மட்டும் நீங்கள் சரியாக எழுத வேண்டும். கோலாலம்பூருக்கும் ஒரு நகல் அனுப்ப வேண்டும். நீங்கள் சீல் வைத்திருக்கிற லேபில், ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் மர அலமாரியின் அடியில் ஒரு கண்ணாடித் தட்டு இருக்கிறது. மேலே என் பெயர் எழுதியிருக்கும். அத்தை செத்த மறுநாள் நான் போட்டது. சுத்தமான போத்தலில் இருந்த இருநூற்றுப் பன்னிரண்டு. தக்கையை நானே புதிதாக வெட்டிப் போட்டேன். வேறு எதுவும் சேர்க்கவில்லை. அந்தப் பூஞ்சணம் மட்டும்தான். அதில் வளையம் வந்திருக்கிறது. ஒரு அரிசி அகலம் இருக்கும். முதலிலிருந்தே அதற்குச் சக்தி இருந்திருக்கிறது, கொஞ்சம் பொறுத்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

நீங்கள் வந்து அவரைக் கூட்டிப் போவதற்கு முன்னால் டாக்டரிடம் அதைக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார். "ஒன்னும் இல்லையேம்மா" என்றார். அவருக்குக் கண்ணாடி மாற்ற வேண்டும், நான் ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். நாளைக் காலையில் வெயில் வந்ததும் நீங்களே போய்ப் பாருங்கள், அக்கா. எடுத்தவுடன் தெரியாது. தட்டை ஜன்னல் பக்கம் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, கொஞ்சம் சாய்த்துப் பாருங்கள்.